கோழிக்கு இழுப்பு வந்தால்



மாரி தொடங்கிவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி கோழிகளைப் பற்றியவைதான். "தங்கச்சி, கோழி தூங்கிக்கொண்டு நிக்குது", "மிஸ், சேவல் வாயைத் துறந்து துறந்து இழுக்குது", "முகம் வீங்கிப் போச்சு, என்ன குடுக்கிறது?" என்று கேட்பார்கள். நான் மிருக வைத்தியர் இல்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டுக் கிராமங்களில் வேலை செய்பவள். ஆனாலும் வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்து உங்கள் முற்றத்தில் இறக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே அந்தக் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். இந்த மாதம் அதைப்பற்றி எழுதுகிறேன். நான் விட்ட பிழையிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

2016ஆம் ஆண்டு மாரி. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் 12 பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு, அந்த வருடத் தொடக்கத்தில், ஆளுக்கு 25 குஞ்சுகளும் தகரம் போட்ட ஒரு கூடும் ஒரு மூடை தீனும் கொடுத்திருந்தோம். கொடுத்ததைப் படம் எடுத்தோம். தடுப்பு மருந்து அட்டவணை என்று ஒரு தாள் எங்கள் கோப்பில் இருந்தது. அதை யார் செய்வது என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஓர் அக்கா. கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒன்பது வயதில் ஒரு மகன். முட்டைக் காசில்தான் பிள்ளையின் ரியூசன், கொப்பி, வீட்டுக்குச் சவர்க்காரம் எல்லாம். கிராமத்து முன்பள்ளிக்கும் அவர்தான் முட்டை கொடுப்பார். மார்கழி மழையில் கோழிகளுக்குக் குளிர் பிடிக்கும் என்று கூட்டைச் சுற்றித் தறப்பாள் கட்டி, காற்றுப் புக ஓர் ஓட்டைகூட இல்லாமல் அடியில் மண் அணைத்து மூடினார். முகாமில் கைப்பிள்ளையை நனையவிடாமல் வைத்திருந்த அதே கை, அதே முடிச்சு. அதைப் பார்த்துவிட்டு "நல்லாக் கட்டியிருக்கிறியள் அக்கா" என்று சொன்னதும் நான்தான்.

பத்து நாளில் மூன்று கோழிகள் இழுக்கத் தொடங்கின. என்னிடம் சொன்னார். நான் கோழிகளைப் போய்ப் பார்க்கவில்லை. வழியில் இருந்த ஒரு தீன்கடையில் "கோழிக்குச் சளி" என்று சொல்லி ஒரு மஞ்சள் பொடிப் பைக்கற் வாங்கிக் கொடுத்தேன். அதிலே எழுதியிருந்தது முழுவதும் ஆங்கிலம், எழுத்து எறும்பளவு. "ஒரு தேக்கரண்டி தண்ணியிலை கலக்கச் சொல்லுங்கோ" என்றார் கடைக்காரர். எத்தனை கோழிக்கு, எத்தனை நாளைக்கு, முட்டையை என்ன செய்வது என்பதெல்லாம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பைக்கற் இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

அதே வாரம் மகனுக்கும் நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரியில் ஐந்து நாளைக்குக் கப்சூல் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மிச்சமிருந்த கப்சூல்களை உடைத்து அக்கா கோழிகளின் தண்ணீரில் கலந்துவிட்டார். "அவனுக்குச் சுகமாப் போச்சு, அதுகளும் சீவன்தானே எண்டு குடுத்தன்" என்று பிறகு சொன்னார்.

கோழிகள் இரண்டு நாள் தெளிந்த மாதிரி நின்றன. பிறகு மூன்று எட்டாயின. மகனுக்கும் காய்ச்சல் திரும்பி வந்து வாட்டில் மறித்துவிட்டார்கள். மருந்து முடித்ததா என்று டொக்டர் கேட்டபோது அக்கா என்னைத்தான் பார்த்தார். இரண்டு நோயையும் நான் ஒன்றோடொன்று முடிச்சுப்போட வரவில்லை. பிள்ளைக்கு எண்ணிக் கொடுத்த மருந்து பாதியில் நின்றது. கோழிக்கு எண்ணாமல் கொடுத்த மருந்து எதற்கும் உதவவில்லை. நடந்தது இவ்வளவும்.

அடுத்தநாள்தான் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். "அங்கை கோழிக்கும் பாப்பினமோ?" என்று அக்கா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பார்ப்பார்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகம் என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் உரியதல்ல. அன்று காலை செத்த கோழி ஒன்றைப் பையில் கட்டிக் கொண்டுபோயிருந்தோம். வைத்தியர் அதை வெட்டித் திறந்து காட்டினார். அன்றைக்குத்தான் கோழி எப்படி மூச்சு விடுகிறது என்பதையே அறிந்துகொண்டேன்.

கோழியின் நுரையீரல் நம்முடையதைப்போல ஊதிச் சுருங்குவதில்லை. அதனோடு தொடுத்தபடி கண்ணாடித் தாள்போல மெல்லிய காற்றுப் பைகள் நெஞ்சு, வயிறு முழுவதும் இருக்கின்றன. அவைதான் காற்றை இழுத்து நுரையீரலூடாக அனுப்புகின்றன. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கிற பிரிமென்தகடு கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பை அசைத்தே அது மூச்சு விடுகிறது. அதனால்தான் கோழியைப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கி அமத்தக்கூடாது; ஏற்கெனவே இழுக்கிற கோழி கையிலேயே செத்துவிடும். நம்மைப்போலக் காறி இருமிச் சளியை வெளியேற்றவும் அதனால் முடியாது. அந்தக் கோழியின் காற்றுப் பைகள் தெளிவாக இல்லாமல் பால்போலக் கலங்கி, மஞ்சளாய்ப் பாற்கட்டி மாதிரி ஒட்டியிருந்தன.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "கூட்டுக்குள்ளை குனிஞ்சு மணந்து பாத்தனீங்களோ?" என்றார். ஈரமான உமியில் எச்சம் ஊறினால் அமோனியா வாயு கிளம்பும். தறப்பாளால் மூடிய கூட்டில் அது போவதற்கு வழியில்லை. கோழியின் தலை இருக்கிற உயரத்திற்கு நாம் குனிந்தால் கண் கரிக்கிறது என்றால், கோழியின் மூச்சுக்குழாய் அதற்கு முன்னமே புண்ணாகத் தொடங்கியிருக்கும். அந்தப் புண்ணில்தான் மைக்கோபிளாஸ்மா என்கிற கிருமி ஏறும். நாட்பட்ட சுவாசநோய் என்று சொல்வது இதைத்தான். இது தாயிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். மருந்தால் இழுப்பு அடங்கினாலும் கிருமி உடம்பை விட்டு முற்றாகப் போகாது. ஆகவே சுகமான கோழியின் முட்டையை அடை வைக்க வேண்டாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார்.

தறப்பாளை மேற்பாதி திறந்து, மழை அடிக்கிற பக்கம் மட்டும் மறைத்தோம். உமியை முழுவதும் அள்ளிப் புதிது போட்டோம். கோழிகளைத் தராசில் நிறுத்து, நிறைக்கேற்ற அளவில் ஐந்து நாளைக்கு மருந்து தந்தார்கள். அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் எட்டக்கூடாது, ஒவ்வொரு நாளும் புதிதாய்க் கலக்கவேண்டும் என்றார்கள். மருந்து நாட்களிலும், அது முடிந்து குறித்துத் தந்த நாள்வரையும் முட்டையை விற்கவோ தின்னவோ கூடாது. எல்லாமாக 12 நாள்.

"அப்ப பிள்ளையின்ரை ரியூசன் காசு?" என்று அக்கா கேட்டார். வைத்தியரிடம் அதற்கு மருந்து இல்லை. என்னிடமும் இல்லை.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். முட்டை வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கும். மருந்து அதற்குள் இருப்பது வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை. அவித்தால் போய்விடும் என்றும் நம்பமுடியாது, பல மருந்துகள் சூட்டில் முழுதாய் அழிவதில்லை. மருந்துக்கு ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளை அதைச் சாப்பிடக்கூடும். முட்டையிடுகிற கோழிக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளும் உண்டு. அக்கா முன்பள்ளி ஆசிரியையிடம் தானே போய், "மருந்து குடுக்கிறன், 12 நாளைக்கு என்னட்டை வாங்காதேங்கோ, முந்தநாள் தந்தது இருந்தாலும் எறிஞ்சுவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சொல்லிக் கொடுத்து அவர் போகவில்லை. 70க்கு மேற்பட்ட முட்டைகளைக் குழியில் போட்டு மூடினோம். எங்கள் திட்டத்தில் அதற்கு நட்டஈடு என்று ஒரு தலைப்பு இல்லை. நான் எழுதிக் கேட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதிலும் இல்லை. கடைசியில் கிராமத்துப் பெண்கள் குழுவின் சுழற்சி நிதியிலிருந்து வட்டியில்லாமல் கொடுத்து, ரியூசன் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இனி, நீங்கள் அவசரத்தில் மருந்து தேடி ஓடுமுன் பார்க்கவேண்டியதைச் சொல்கிறேன். கோழிக்கு வருகிற இழுப்பெல்லாம் ஒரே நோயல்ல. நண்பகல் வெயிலில் செட்டையை விரித்து வாய் திறந்து மூச்சு வாங்குவது நோயே அல்ல, சூடு. நிழலும் தண்ணீரும் போதும். உண்மையான இழுப்பை இரவில்தான் பிடிக்கலாம். கோழிகள் அடைந்து ஒரு மணித்தியாலம் கழித்து, சத்தமில்லாமல் கூட்டருகே போய் நின்று காதைக் கொடுங்கள். கொர்கொர் என்ற சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும். ரோச் லைற் அடித்து அந்தக் கோழியை மட்டும் எடுத்து வேறு வையுங்கள். பகலில் பார்த்தால் நோயுள்ள கோழியும் மற்றவற்றோடு சேர்ந்து ஓடி நம்மை ஏமாற்றும்.

முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கால் நாற்றமுள்ள நீர் வடிந்தால் அது தொற்றுத் தடிமன். அதுவும் பக்டீரியாதான். வாயைத் திறந்தால் உள்ளே வெள்ளை, மஞ்சள் தட்டுகள் ஒட்டியிருந்தால் கோழி அம்மையாக இருக்கலாம், நுளம்பு பரப்புவது. அந்தத் தட்டைச் சுரண்டி எடுக்கக்கூடாது, இரத்தம் வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். பூஞ்சணம் பிடித்த தீன், பூத்த வைக்கோல் போட்ட கூடு என்றால் சின்னக் குஞ்சுகள் இழுத்து இழுத்துச் சாகும். அது பங்கசு, அதற்கு அன்ரிபயோட்டிக் ஒன்றுமே செய்யாது. பச்சை இலையே காணாத கோழிக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்தாலும் மூக்கால் வடியும். முருங்கை இலையை நறுக்கித் தீனோடு கொடுத்து வந்தாலே அந்தக் குறை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

இழுப்போடு பச்சையாய்க் கழிச்சல், கழுத்து முறுகிப் பின்னால் போவது, கால் செட்டை இழுத்துக்கொள்வது, அடுத்தடுத்துச் சாவு என்றால் அது பெரும்பாலும் ராணிக்கெற் நோய். வட இந்திய மலைநாட்டில் ராணிக்கெற் என்ற ஊரில் 1920களின் கடைசியில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டதால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள். இது வைரசு. வந்தபிறகு இதைக் குணப்படுத்துகிற மருந்து உலகத்திலேயே இல்லை. கடைப்பொடிக்குக் கொடுக்கிற காசு தண்ணீரில் போட்ட காசு. வருமுன் போடுகிற தடுப்பு மருந்து மட்டும்தான் காவல்.

கைவைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தீனோடு வைப்பதை, மஞ்சள் கலப்பதை நான் தடுக்கமாட்டேன். கோழி தானாகத் தின்றால் தின்னட்டும். ஆனால் வாயைப் பிரித்து மிளகு இரசமோ எண்ணெயோ வார்க்கவேண்டாம். கோழியின் மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது, வார்த்தது நேரே நுரையீரலுக்குப் போகும். கூட்டுக்குள் சாம்பிராணிப் புகை, வேப்பம் புகை போடுவதும் வேண்டாம். எரிகிற நெஞ்சுக்கு மேலும் எரிப்பு. என் அம்மாவும் புகை போட்டவர்தான், அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு மாரி பிடித்தது.

அன்ரிபயோட்டிக் பற்றி ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கோழியின் மருந்தும் பிள்ளையின் மருந்தும் பல வேளைகளில் ஒரே குடும்பம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்திருந்தார். அமெரிக்காவில் கோழிச் சுவாச நோய்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்துவந்த என்ரோபுளொக்சசின் என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்க 2005இல் தடை செய்தார்கள். அது நமக்கு டொக்டர்மார் எழுதுகிற சிப்ரோபுளொக்சசினின் உறவு. கோழியின் குடலில் பழகிய கிருமி இறைச்சி வழியே மனிதருக்கு வந்து, சிப்ரோவுக்கும் அடங்காமல் நின்றதுதான் காரணம். ஒரு தேக்கரண்டிப் பொடி என்று அன்றைக்கு நான் வாங்கிக் கொடுத்தது இந்த வகையில் எதுவென்று இன்றும் எனக்குத் தெரியாது. பைக்கற்றை எறிந்துவிட்டோம்.

இன்னொரு விடயம், வியாபாரி. எங்கள் ஊர்களில் கோழி தூங்குகிறது என்ற கதை காற்றில் போனாலே மோட்டார் சைக்கிளில் கூடு கட்டிய ஆள் படலையடியில் வந்து நிற்பார். அரை விலைக்கு எல்லாவற்றையும் அள்ளுவார். கையில் காசு வரும், அந்தக் கோழியோடு நோய் அடுத்த ஊருக்குப் போகும். அங்கேயும் உங்களைப்போல ஒருத்தி 25 குஞ்சோடு இருக்கிறாள். பல கோழிகள் ஒரே நாளில் திடீரென்று செத்தால் எவருக்கும் விற்காமல், உரித்துச் சமைக்காமல், உடனே மாட்டாஸ்பத்திரிக்கு அறிவியுங்கள். 1997இல் ஹொங்கொங்கில் கோழிகளிலிருந்து வந்த பறவைக் காய்ச்சல் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். செத்த கோழியைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிவதும் நாய்க்குப் போடுவதும் கூடாது. வைத்தியர் பார்த்து முடிந்ததும் கிணற்றுக்குத் தூரமாய் ஆழக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அக்காவின் கோழிகளில் ஒன்று மருந்துக்கும் அடங்கவில்லை. புள்ளிக்கோழி. மகன் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தான். கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பு முழுவதும் ஆட, மூன்று நாள் அப்படியே நின்றது. இனி வைத்திருப்பது அதற்கு வேதனை மட்டும்தான் என்று வைத்தியர் சொன்னார். அக்கா உள்ளே போய்விட்டார். "என்ரை கையாலை இனி ஒண்டையும் புதைக்க ஏலாது தங்கச்சி" என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து. இறுதி யுத்தத்தில் அவர் யார் யாரைப் புதைத்துவிட்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். கால்நடை அலுவலகத்து உதவியாளர் ஒரு நிமிடத்தில் முடித்தார், நான் கிடங்கு வெட்டினேன். வாட்டிலிருந்து வந்திருந்த மகன் சுண்ணாம்பு கொண்டுவந்து தந்தான். உங்களில் ஒருவருக்கும் அப்படிக் கை வராவிட்டால் அதில் வெட்கமில்லை, ஆளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் மனம் வரவில்லை என்பதற்காக அந்தச் சீவனை நாட்கணக்கில் இழுக்கவிடாதீர்கள்.

25இல் மிஞ்சியது 17. இப்போது அந்தக் கிராமத்தில் தடுப்பு மருந்து போடுவது இப்படி: ஒரு சின்னக் குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். கரைத்தால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடவேண்டும், மிச்சம் வைக்கமுடியாது. அதனால் தனி வீட்டுக்குக் கட்டாது. எல்லா வீடும் ஒரே நாளைக் குறித்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் குப்பியை எடுத்துவந்து, விடியற்காலையில் வீடு வீடாகக் கண்ணில் ஒவ்வொரு சொட்டு விடுகிறார்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கரைப்பதில்லை, அது மருந்தைக் கெடுத்துவிடும். சுகமான கோழிக்கு மட்டும்தான் விடலாம், இழுக்கிற கோழிக்கு விடக்கூடாது. எத்தனையாம் நாள் முதற்சொட்டு, எப்போது அடுத்தது என்பதை உங்கள் பகுதிக் கால்நடை அலுவலகத்தில் கேட்டு எழுதிவையுங்கள். புதிதாய் வாங்குகிற கோழியை இரண்டு மூன்று கிழமை புறம்பாய் அடைத்து வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுகிறார்கள்.

அந்த அட்டவணை இப்போது எங்கள் கோப்பில் இல்லை. அக்காவின் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. சென்ற வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். "வாற வியாழக்கிழமை சொட்டு மருந்து தங்கச்சி, வாங்கோ. வேறை ஆக்களின்ரை கோழிக்கூட்டுக்குப் போட்டு வந்த செருப்போடை மட்டும் உள்ளுக்கை வரப்படாது, படலையடியிலை கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார்.